பேழைக்குள் ஒரு காடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்களை அரைமணி நேரம் பேச்சால் தடுத்து நிறுத்தும் பொறுப்பைச் செயலாளர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். அவர் சொல்லைத் தட்ட இயலாமல் வந்து நிற்கிறேன்.

மண்டபத்தின் வாயிலில் கண்ணாடி முகப்புடைய மரப்பேழை ஒன்றை வைத்திருக்கிறோம். நம் காலனி இளைஞர் சிலரும் நானும் ஏழு மாத காலம் ஞாயிறுதோறும் கூடிச் செய்தது அது. 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இந்திய பர்மா எல்லையை அடுத்த கபாவ் பள்ளத்தாக்கில், தமு என்னும் ஊருக்கு அருகே ஒரு காட்டுப்பாதை, பாதையில் ஒரு டாங்கி, அதனருகே எட்டுச் சிப்பாய்கள், சுற்றிலும் காடு. இவ்வளவுதான் காட்சி. பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "காடு என்கிறீர்களே, பச்சையையே காணோமே?" என் உரை முழுவதும் இந்தக் கேள்விக்கு விடைதான்.

இவ்வகைக் காட்சிப் பேழைகளுக்கு டயோரமா என்று பெயர். இச்சொல் 1822-இல் பாரிசு நகரில் பிறந்தது. பின்னாளில் புகைப்படக் கலையின் தந்தையருள் ஒருவராகப் புகழ்பெற்ற தாகேரும், பூட்டோன் என்னும் ஓவியரும் பெரிய திரைச்சீலைகளில் காட்சிகளை எழுதி, முன்னும் பின்னுமாக ஒளியை மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாவது போலவும் மூடுபனி கலைவது போலவும் காட்டினர். ஒளிதான் இக்கலையின் உயிர் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. பிறகு அருங்காட்சியகத்தார் இதனைக் கைக்கொண்டனர். அமெரிக்கரான கார்ல் ஏக்லி உயிரினங்களை அவை வாழும் இடத்தோடு சேர்த்துக் காட்ட முனைந்தார். நியூயார்க் அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்க விலங்குக் கூடத்துக்காக அவரும் அவர் குழுவினரும் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தேர்ந்து, அங்குள்ள செடிகொடிகளையும் மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொண்டு வந்து, அந்த இடத்தையே மறுபடி உண்டாக்கினர். கொரில்லாக் காட்சிக்காகச் சென்ற ஏக்லி 1926-இல் ஆப்பிரிக்காவிலேயே மறைந்தார். 1936-இல் திறக்கப்பெற்ற அக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

போர்க்களத்தை மாதிரியாகச் செய்தவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. வாட்டர்லூப் போர் நடந்தது 1815-இல். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் அக்களத்துப் பண்ணை வீடொன்றில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்குகொண்ட அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். உங்கள் படை எங்கே நின்றது என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. உங்கள் முன்னிருந்த வயலில் என்ன பயிர் நின்றது என்றும் கேட்டார். போரின் வரலாற்றில் பயிருக்கு என்ன வேலை என்று சிலர் நகைத்திருக்கக்கூடும். ஆள் மறையும் அளவு உயர்ந்த பயிருக்கும் முழங்காலளவுப் பயிருக்கும் உள்ள வேற்றுமை, எதிரே வருவது தெரியுமா தெரியாதா என்னும் வேற்றுமையன்றோ? 1838-இல் காட்சிக்கு வந்த அந்த மாதிரி இன்றும் இலண்டனில் இருக்கிறது. செடியைப் பற்றிக் கேட்காதவன் போர்க்களத்தைச் செய்ய இயலாது என்பதை நான் அவரிடம் கற்றேன்.

இனி நம் காட்டுக்கு வருவோம். பர்மாப் போர் என்றதும் எல்லாரும் 'ஜங்கிள்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறார்கள். கடையில் விற்கும் மீன்தொட்டிப் பிளாஸ்டிக் செடிகளை வாங்கி, இடைவெளி இல்லாமல் நட்டு, நடுவே ஒரு டாங்கியை நிறுத்தினால் ஜங்கிள் முடிந்தது! உண்மையில் அப்போர்முனையில் ஒரு காடு இல்லை. பல காடுகள் இருந்தன. தெற்கே அரக்கான் மலைகளில் எங்கும் மூங்கில். வடமேற்கே கொஹிமாவோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள மலையூர். அங்கே வெப்பநாட்டுப் பெருங்காட்டைச் செய்பவன் தவறு செய்கிறான். 1944 ஏப்ரலில் அங்கே துணை ஆணையர் மாளிகையின் டென்னிசு மைதானத்தின் இருபுறமும் இரு படைகள் எதிரெதிரே பதுங்கியிருந்து போரிட்டன. குண்டு மழையில் மரங்கள் இலையும் கிளையும் இழந்து மொட்டைக் கம்பங்களாயின. வானூர்தியிலிருந்து பொருள் இறக்கிய பாரசூட்டுகள் அக்கம்பங்களில் கிழிந்து தொங்கின. கொஹிமாவைச் செய்ய விரும்புபவருக்கு இலையே வேண்டியதில்லை.

நாம் எடுத்துக்கொண்ட கபாவ் பள்ளத்தாக்கு இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வகை. தேக்கும் அதனோடு இலையுதிர்க்கும் பிற மரங்களும் நிறைந்த காடு அது. தேக்கு கோடையின் தொடக்கத்தில் இலையை உதிர்த்துவிட்டு, மழை வரும் காலத்தில்தான் மறுபடி தளிர்க்கும். எனவே மார்ச்சு மாதத்தில் அங்கே நின்ற சிப்பாய் தலைக்குமேல் கண்டது பசுமையான கூரையை அன்று. வெறுங்கிளைகளையும் அவற்றினூடே வெளிறிய வானத்தையும் கண்டான். பச்சையெல்லாம் பழுப்பாகிக் கீழே கிடந்தது. சவுங் என்று பர்மியர் அழைக்கும் காட்டாறுகள் வறண்டு மணலாகக் கிடந்தன. அதே இடம் சூன் மாதத்தில் வேறு உலகம்: எங்கும் பச்சை, எங்கும் சேறு, எங்கும் கொசு. மலேரியாவுக்கு அப்பள்ளத்தாக்கு பேர் போனது. பதினான்காம் படைக்குத் தலைமை தாங்கிய சிலிம், சிப்பாய்கள் மெபாக்ரின் மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறார்களா என்று பார்ப்பதையே அதிகாரிகளின் கடமையாக்கினார். அம்மாத்திரை தின்றவர்களின் தோல் மஞ்சளாகும். நம் பேழையிலுள்ள பொம்மைகளின் முகத்தை ஊன்றிப் பார்ப்பவர்கள் அந்த மஞ்சளின் சாயலைக் காணலாம்.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் சப்பானியர் சிந்துவின் ஆற்றைக் கடந்து இம்பாலை நோக்கி வந்தனர். தமுவைச் சுற்றியிருந்த இருபதாம் இந்திய டிவிசன் மேற்கே செனாம் மலைகளுக்குப் பின்வாங்கியது. மாதத்தையும் இடத்தையும் குறித்தபின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. அதனால்தான், அன்பர்களே, நம் காட்டில் பச்சை இல்லை.

இதனைச் செய்த முறையை இளைஞர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் கணக்கு. நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆறடிக்குச் சற்றுக் குறைந்த மனிதன் இவ்வளவில் 5 செ.மீ. ஆகிறான். பேழையின் அகலம் 60 செ.மீ.; அதாவது மெய்யான நிலத்தில் 21 மீட்டர். கொஹிமாவில் இரு படைகளைப் பிரித்து நின்ற டென்னிசு மைதானத்தின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். அது நம் பேழைக்குள் அடங்காது. இத்தனை சிறிய நிலத்தில் எத்தனை பேர் மடிந்தார்கள் என்று எண்ணும்போது, அளவுகோலைக் கையில் பிடித்திருந்த பிள்ளைகளே சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

முப்பது மீட்டர் தேக்கு இவ்வளவில் 86 செ.மீ. ஆகும். பேழையின் உயரமோ 40 செ.மீ. மரத்தைக் குள்ளமாக்கிப் பேழைக்குள் அடக்குவதே பலரும் செய்வது. அப்போது காடு தோட்டமாகிவிடுகிறது. நாங்கள் மரத்தைக் குறைக்கவில்லை, வெட்டிவிட்டோம். அடிமரம் மட்டும் நேரே எழுந்து பேழையின் கூரைக்குள் மறைந்துவிடும். தலை எங்கோ மேலே இருக்கிறது என்று பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்ளும். செய்தித்தாளை இறுகச் சுருட்டி, பிளாஸ்டர் ஆப் பாரிசும் பெவிகாலும் குழைத்துப் பூசி, ஈரம் காயுமுன் பழைய பல்துலக்கும் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால் தேக்கின் பட்டையிலுள்ள நீளக் கோடுகள் வந்துவிடும். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. எந்த நிறத்திலும் சிறிது வெண்மை கலக்க வேண்டும். தொலைவிலுள்ள பொருள் காற்றின் வழியே வெளிறித் தோன்றுமன்றோ? சிறிய உருவத்தைப் பார்ப்பதும் தொலைவிலிருந்து பார்ப்பது போன்றதே.

அடுத்தது தரை. காட்டின் உயிர் தரையில்தான் இருக்கிறது. ஆற்று மணலின் ஒரு மில்லிமீட்டர்ப் பருக்கை நம் அளவில் மூன்றரைச் செ.மீ. கூழாங்கல்லாகிவிடும், ஆதலால் மண்ணை மாவுச் சல்லடையில் சலித்து, பிறகு துணியிலும் சலித்தோம். அதன்மேல் உலர்ந்த தேயிலைச் சக்கையும், கையால் நொறுக்கிய சருகும். இவற்றை அப்படியே பயன்படுத்தினால் ஆறு மாதத்தில் பூச்சியும் பூஞ்சணமும் குடியேறும். சட்டியில் இளஞ்சூட்டில் வறட்டி ஈரம் போக்கிய பிறகே இட வேண்டும். பசையை நீரில் கரைத்து, இரண்டு சொட்டுச் சோப்பு நீர் சேர்த்தால் அது மண்ணுக்குள் ஊறி இறங்கும். சேர்க்காவிட்டால் மேலேயே முத்துமுத்தாக உருண்டு நின்று மண்ணைக் கலைத்துவிடும்.

எங்கள் ஏழு மாதத்தில் மூன்று மாதத்தை விழுங்கியது தேக்கின் சருகு. நம் ஊர்ப்பக்கம் தேக்கிலையைக் கையில் கசக்கிச் சிவப்புச் சாயம் கண்டவர்கள் அதன் அளவை அறிவார்கள். 40 செ.மீ. நீளமுள்ள இலை நம் அளவில் ஒரு செ.மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவு பெரிய இலையை நொறுங்கிய சருகால் ஏமாற்ற முடியாது. ஒவ்வொன்றின் வடிவமும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பழைய தபால் உறைகளின் பழுப்புத் தாளிலிருந்து ஒவ்வோர் இலையாகக் கத்தரித்தோம். நடுநரம்புக்கு ஊசியால் ஒரு கீறல். சூடான கரண்டியின் முதுகில் அழுத்தி ஒரு வளைவு. மேற்புறம் பழுப்பு, அடிப்புறம் வெளிறிய சாம்பல். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இலைகள்! காலனியில் எத்தனையோ வீடுகளில் தாய்மார்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே எங்களுக்கு இலை வெட்டித் தந்தார்கள். அவர்கள் இன்றி இக்காடு இல்லை.

இந்தச் சருகுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். அந்தக் காட்டில் காவல் நின்றவனுக்கு அதுவே எச்சரிக்கை மணி. வேவு பார்க்கச் சென்றவனுக்கு அதுவே பகை. உலர்ந்த தேக்கிலையின்மேல் ஓசைப்படாமல் நடக்க எவனாலும் ஆகாது. எங்கள் எட்டுச் சிப்பாய்களுள் ஒருவன் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறான், கீழே வைக்கவில்லை. அவன் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறான். சருகைச் சரியாகச் செய்யாவிட்டால் அவன் ஏன் அப்படி நிற்கிறான் என்பது யாருக்கும் விளங்காது.

மூங்கிலுக்கு நம் வீட்டு விளக்குமாறே போதும். தென்னை ஈர்க்கின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அது 7 செ.மீ. பருமனுள்ள மூங்கிலுக்குச் சரி. மேலே செல்லச் செல்லத் தானாகவே மெலியும் இயல்பு அதற்கு உண்டு. ஒரு செ.மீ.க்கு ஒன்றாக மெல்லிய நூலைப் பசையில் நனைத்துச் சுற்றினால் கணு. முப்பது நாற்பது ஈர்க்குகளை அடியில் நெருக்கமாகவும் மேலே விரிந்தும் நட்டால் புதர். கொடிகளுக்கும் தொங்கும் வேர்களுக்கும் வெட்டிவேரைவிட நல்ல பொருளை நான் இதுவரை காணவில்லை. போதாக்குறைக்குப் பேழையைத் திறக்கும்போதெல்லாம் மணக்கிறது.

புதரை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. மரங்கள் அடர்ந்து வானத்தை மூடிய காட்டில் தரைவரை வெயில் வராது. ஆகையால் கீழே செடி குறைவு, மனிதன் நடக்க இடம் இருக்கும். நெருங்கிய புதர் வளர்வது வெயில் விழும் இடத்தில்: பாதையோரம், ஆற்றோரம், முன்பு வெட்டி எரித்துப் பயிரிட்டுக் கைவிட்ட நிலம். பாதைவழியே செல்பவனுக்குக் காடு சுவர்போல் தோன்றுவது இதனால்தான். சுவருக்குப் பின்னால் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. நம் பேழையிலும் பாதையோரத்தில் மூங்கிலை நெருக்கியும், உள்ளே தேக்கு மரங்களிடையே வெற்றிடம் விட்டும் வைத்திருக்கிறோம்.

இனிப் பார்வை. மேசைமேல் வைத்த மாதிரியை நாம் மேலிருந்து பார்க்கிறோம். அது வானூர்தியின் பார்வை. காட்டுக்குள் இருந்தவன் ஒருநாளும் காணாத பார்வை. மேலிருந்து பார்ப்பவனுக்கு எதிரி எங்கே, நம்மவன் எங்கே என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால் அது காட்டுப் போர் அன்று. இதற்கு மாற்றாக மூன்று பக்கமும் மேலும் மூடி, முகப்பு மட்டும் திறந்து, உள்ளே விளக்கு அமைக்கும் பேழை முறையை அமெரிக்கக் கலைஞர் ஷெப்பர்ட் பெயின் பரவச் செய்தார். அதனைப் பின்பற்றிப் பேழையை நின்றவர் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறோம். சிறுவர்களுக்கு ஒரு முக்காலியும் போட்டிருக்கிறோம். விளக்குக்கும் காட்சிக்கும் இடையே, உங்கள் கண்ணுக்குப் படாமல், உலர்ந்த சுள்ளிகளைப் பரப்பிய தட்டு ஒன்று இருக்கிறது. தரையிலும் டாங்கியின் முதுகிலும் கோடுகோடாக விழும் நிழல் அதனுடையது. தலை இல்லாத மரங்களின் கிளைகள் நிழலாக மட்டும் காட்சிக்குள் வருகின்றன. ஒளிதான் இக்கலையின் உயிர் என்று முதலில் சொன்னேன் அல்லவா?

காடு முடிந்தது. அதில் யாரை நிறுத்துவது என்னும் கேள்வி எஞ்சியது. காட்டைக் காட்டிலும் கடினமான கேள்வி இதுவே என்பது என் கருத்து.

சிப்பாய்களை நிறுத்தினோம். பர்மாப் போர்முனையில் பாதையும் பாலமும் அமைத்தவர்களில் மதராஸ் சாப்பர்கள் உண்டு. ஆகவே நம் எட்டுப் பேரில் இருவர் கையில் துப்பாக்கிக்குப் பதிலாக மண்வெட்டி இருக்கிறது. ஆனால் தமிழர் ஒருபுறத்தில் மட்டும் இருந்தனர் என்று சொல்ல முடியுமா? மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர். அதன் காந்தி படைப்பிரிவு பாலேல் அருகே போரிட்டது. ஒரே காட்டில், ஒரே மலேரியாவோடு, ஒரே மொழி பேசியவர்கள் எதிரெதிரே நின்றிருக்கக்கூடும். மூங்கிலுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதை எங்கள் பேழை காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் இரு திறத்தாருக்கும் முன்பே அப்பாதையில் நடந்தவர்கள் உண்டு. 1942-இல் பர்மா வீழ்ந்தபோது நான்கைந்து இலட்சம் இந்தியர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். பெரும்பாலோர் கால்நடையாக மலையும் காடும் கடந்தனர். அவர்களில் தமிழர் மிகப் பலர். தமு, பாலேல், இம்பால் என்னும் வழி அவர்கள் நடந்த வழிகளுள் ஒன்று. பசியாலும் காலராவாலும் காய்ச்சலாலும் வழியில் மடிந்தவர் பல்லாயிரவர். வடக்கே ஹுக்காவுங் பள்ளத்தாக்கில் 1943-இன் இறுதியில் திரும்பி நுழைந்த படையினர், பாதையோரத்தில் அவர்களுடைய எலும்புகளைக் கண்டனர். பின்னர் 1960-களில் மறுபடியும் பர்மாவிலிருந்து தமிழர் வெளியேற நேர்ந்தது. அவர்களுள் சிலர் எல்லைக்குத் திரும்பிவந்து, தமுவுக்கு எதிரே இந்தியப் பகுதியிலுள்ள மோரே நகரில் தங்கி, கோயில் எழுப்பி, நம்மைப் போலவே ஒரு தமிழ்ச் சங்கமும் கண்டனர். நாம் செய்திருக்கும் 21 மீட்டர் நிலம் அவ்வூரின் பக்கத்து நிலம்.

1942-இல் நடந்தவர்களின் தடம் 1944-இன் காட்சியில் இருக்க வேண்டும் என்று இளைஞர் வற்புறுத்தினர். இரண்டு ஆண்டுச் சருகுக்குக் கீழே பாதி புதைந்து ஏதேனும் ஒரு பொருள். எந்தப் பொருள் என்பதில் பெரிய விவாதம் நடந்தது. பித்தளைச் செம்பு என்றார் ஒருவர். தையல் இயந்திரத்தின் சக்கரம் என்றார் மற்றொருவர். குழந்தையின் வெள்ளிக் கொலுசு என்று ஒரு சிறுமி சொன்னாள். அதைச் செய்து காட்டவும் செய்தாள், மெல்லிய செப்புக் கம்பியில். அழகாகவே இருந்தது. ஆயினும் வைக்கவில்லை. தேக்கிலையின் நீளத்தை ஊகித்து எழுத மறுத்தவர்கள் ஒரு தாய் வழியில் விட்டுவந்ததை மட்டும் ஊகித்து வைக்கலாமா என்று அந்தச் சிறுமியே கேட்டுவிட்டாள்.

எனவே பேழையின் இடப்பக்கம், மூன்றாம் தேக்கின் அடியில், உள்ளங்கையில் பாதியளவு இடம் சருகின்றி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. வேலை முடியவில்லை என்று எண்ணிச் சிலர் அதைச் சுட்டிக் காட்டினார்கள். இந்தக் காலனியில் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். தாத்தாவோ பாட்டியோ எதைச் சுமந்து வந்தார்கள், எதை எந்த மலையடியில் இறக்கி வைத்துவிட்டு நடந்தார்கள் என்று வீட்டில் பேசக் கேட்டவர்கள், விழா முடிந்தபின் என்னிடமோ இளைஞர்களிடமோ சொல்லுங்கள். பொருளின் அளவு நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள், முப்பத்தைந்தால் வகுத்துக்கொள்கிறோம். பேழை இம்மாத இறுதிவரை சங்க நூலகத்தில் இருக்கும். விளக்கின் பொத்தான் வலப்புறம், கீழே இருக்கிறது.